குடைக்காரரின் வீட்டை ஆறு மாதம் பூட்டி வைத்த விவரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். காரணம் இரண்டு. இறந்தவர் விஷயத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுதினால் சாமி குற்றம் ஆகுமோ என்ற பயம் ஒன்று. இதில் வருகிற ஜவுளிக்கடை முதலாளி இன்றைக்கும் எனக்குத் தீபாவளி வேட்டியை விலை குறைத்துக் கொடுக்கிறார் என்பது மற்றொன்று. போன மாதம் அவரே, "எழுதுங்க மேஸ்திரி. என்னை மட்டும் கொஞ்சம் நல்லவனா எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். முடிந்தவரை பார்க்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். கும்பகோணத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் உள்ள ஒரு நகராட்சியில் துப்புரவு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள், "அன்கிளெய்ம்டு பாடி வந்தா என்ன செய்யணும்?" என்று போனில் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

1. முதல் நாளும் குப்பை வண்டியும்

சொந்தம் என்று யாரும் வராத உடலை அடக்கம் செய்வது நகராட்சியின் பொறுப்பு. போலீஸ் விசாரிப்பார்கள். ஜி.எச். மார்ச்சுவரியில் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். யாரும் வராவிட்டால் எங்களிடம் ஒப்படைப்பார்கள். எரிக்கமாட்டோம், புதைப்போம். பின்னால் யாராவது தேடி வந்தால் இடத்தைக் காட்ட வேண்டுமே.

எங்கள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "மேஸ்திரி, இனிமே இந்த வேலை உங்க பொறுப்பு."

"நான் எதுக்கு சார்?"

"நீங்கதான் நெத்தி நெறைய திருநீறு பூசிக்கிட்டு வர்றீங்க. செத்தவங்களுக்கும் ஒரு நல்ல மொகம் வேணாமா?"

அன்றைக்கே ஒரு பாடி வந்தது. அமரர் ஊர்தி ஒர்க் ஷாப்பில் கிடந்தது. இருந்தது குப்பை வண்டி ஒன்றுதான். அதைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, வாழை இலை விரித்து, ஒரு ரோஜா மாலையும் வாங்கி வைத்தேன். என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்று எனக்கே ஒரு திருப்தி.

டிரைவர் சாவியைத் திருப்பினார். சாவியோடு சேர்ந்து மேலே இருந்த ஸ்பீக்கரும் பாட ஆரம்பித்துவிட்டது. ஒரு பெண் குரல், ரொம்ப உற்சாகமாக, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகப் போடச் சொல்கிறது. அதை நிறுத்தும் சுவிட்ச் எப்போதோ உடைந்துபோனதாம். வண்டியை நிறுத்தினால்தான் பாட்டு நிற்கும். பாட்டு நின்றால் பாடி இடுகாட்டுக்குப் போகாது.

தெருவுக்குள் நுழைந்ததும் பெண்கள் வாளியோடு வெளியே வந்துவிட்டார்கள். "மேஸ்திரி, நில்லுங்க! நேத்தும் வண்டிய காணும்!" என்று ஓடி வந்த ஒரு அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "ஈஸ்வரா!" என்று வாளியைக் கீழே போட்டார். பின்னால் வந்தவருக்கு விஷயம் தெரியாது. "என்னாக்கா, மக்குறதா மக்காததா?" என்று கேட்டார்.

டிரைவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு போய்க் குழியில் இறக்கித் திருநீறு போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்துவிட்டேன். தெருக்கோடிப் பிள்ளையாரிடம் போய், "அப்பனே, இனி எந்த மனுஷனையும் குப்பை வண்டியில ஏத்த மாட்டேன். வண்டிக்கும் நாலு தோளுக்கும் நீதான் வழி காட்டணும்" என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையாரும் வழி காட்டினார். எந்த வழி என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

2. எல்லா ஊர்க்காரர்

கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை, ஒட்டினாற்போல ஒரு பாத்திரக்கடை. ஜவுளிக்கடை முதலாளி வைத்தியலிங்கம். பாத்திரக்கடை ஜமால் பாயுடையது. இரண்டு கடைக்கும் முன்னால் சாக்கடை மேல் போட்ட ஒரே நீளப் படி. அதில் ஜவுளிக்கடைப் பக்கமாக ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதில் பெரிய கறுப்புக் குடை ஒன்றைச் செருகி, அதன் கீழ் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்பவர்தான் குடைக்காரர். பேர் யாருக்கும் தெரியாது. பகலில் அங்கேதான் வேலை, இரவில் அங்கேயே படுக்கை.

ஊர் எது என்று கேட்டால் கேட்கிறவர் ஊரைத் தவிர வேறு எந்த ஊரையும் சொல்வார். வலங்கைமான்காரர் கேட்டால் திருத்துறைப்பூண்டி என்பார். திருத்துறைப்பூண்டிக்காரர் கேட்டால் வலங்கைமான் என்பார். என்னிடம் ஒருதரம், "மழை எங்க பேயுதோ அதான் மேஸ்திரி நமக்குச் சொந்த ஊரு" என்று சொல்லி, என் குடைக்கு ஒரு கம்பி மாற்றிக் கொடுத்தார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, கடை திறக்க வந்தவர்கள் பார்த்தபோது அவர் உட்கார்ந்தபடியே சாய்ந்திருந்தார். உயிர் இல்லை. போலீஸ் வந்தது, ஜி.எச்.சுக்கு எடுத்துப் போனார்கள். அவர் சொன்ன ஊர்களிலெல்லாம் போலீஸ் விசாரித்தது. ஒரு ஊரிலும் அவரைத் தெரியவில்லை. இனி எங்கள் கைக்குத்தான் வரப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. அமரர் ஊர்தி அப்போதும் ஒர்க் ஷாப்பில்தான். குப்பை வண்டி மட்டும் நல்ல நிலைமையில் பாடிக்கொண்டிருந்தது.

குடை மட்டும் அந்தப் படியிலேயே விரிந்தபடி நின்றது. அதை மடக்க யாருக்கும் கை வரவில்லை.

வைத்தியலிங்கத்திடம் போய்க் கேட்டேன். "மொதலாளி, இத்தன வருஷமா உங்க வாசல்ல இருந்தவரு. நீங்க முன்னால நின்னா நாலு பேரு வருவாங்க. உங்க கடை வேன் இருந்தா நல்லா இருக்கும்."

"மேஸ்திரி, வெள்ளிக்கிழம ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்குது. நோட்டீஸ் குடுத்தாச்சு. சரக்கு வந்து எறங்கியாச்சு. இப்பப் போயி பொணம் கிணம்னு... அதுக்குத்தானே நகராட்சி இருக்கு?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

3. யாருக்கும் வேண்டாத படி

மறுநாள் காலை முதலாளியே ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். கடைக்கு அல்ல, வீட்டுக்கு. கடைச் சாவிக்கொத்து அவர் மனைவியின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா கிழித்து வைத்திருந்த தினசரிக் காலண்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். குடைக்காரர் இறந்த அன்று சதய நட்சத்திரம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அடைப்பு என்று ஒன்று உண்டு. சில நட்சத்திரத்தில் உயிர் பிரிந்தால், பிரிந்த இடத்தைக் கணக்கான மாதங்களுக்குப் பூட்டி வைத்து, தினமும் விளக்கு ஏற்ற வேண்டும். பூட்டாமல் புழங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். சதயத்துக்கு ஆறு மாதம். நானும் நம்புகிறவன்தான். என் மாமனார் போனபோது கூடத்து அறையைப் பூட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் தாழ்வாரத்தில் படுத்தோம்.

"ஆறு மாசத்துக்குக் கடையத் தொறக்கக் கூடாதுங்க. அந்த மனுஷன் நம்ம படியில உயிர விட்டுருக்காரு" என்றார் அந்த அம்மா.

"படியில விட்டா கடைக்குள்ள விட்டதா ஆகுமாடி? சொல்லுங்க மேஸ்திரி! அந்தப் படி சாக்கடை மேல இருக்கு. சாக்கடை நகராட்சியோடது. அப்ப படியும் நகராட்சியோடதுதானே?"

இதே படியை ஆக்கிரமிப்பு என்று இடிக்க நாங்கள் ஜே.சி.பி.யோடு போனபோது, குறுக்கே படுத்துக்கொண்டு, "இது எங்கப்பா வாங்குன மனையில போட்ட படி! என்னை இடிச்சுட்டு அப்பறம் படிய இடி!" என்று கத்தியவர் இவர்தான்.

"மொதலாளி, போன தடவ நீங்க..."

"அது அப்ப! இப்ப யோசிச்சுப் பாத்தேன், நகராட்சி சொன்னதுதான் நியாயம்."

ஆபீசுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம், "சார், முதலாளி படிய விட்டுக் குடுத்துட்டாரு. நம்மதுன்னு ஒத்துக்கிட்டாரு" என்றேன். அவர் சந்தோஷமாக எழுந்தார். சதய விஷயத்தைச் சொன்னேன். மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப படி நம்மதுன்னா..."

"அடைப்பும் நம்ம ஆபீசுக்குத்தான் சார் வரும். ஆறு மாசம் பூட்டணும்."

பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை முகத்திலும் அப்படி ஒரு பக்தி. இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "வேணாம்யா. எம் பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கேன். படி அவரோடதாவே இருக்கட்டும். பெரிய மனுஷன், பாவம்."

திரும்பிப் போனபோது முதலாளி பாத்திரக்கடை வாசலில் நின்று ஜமால் பாயோடு வாதம் செய்துகொண்டிருந்தார். "நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க பாய். தலை எம் பக்கமா இருந்தாலும் உடம்பு உங்க பக்கந்தான் சாஞ்சிருந்துச்சு."

ஜமால் பாய் அண்டாவைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை. "இருக்கட்டுமே வைத்தி. எங்களுக்கு நட்சத்திரக் கணக்கெல்லாம் கெடையாது. நீயும் வேணாங்கிற, நகராட்சியும் வேணாங்குது. ரெண்டு பேருமா படிய எனக்கு எழுதிக் குடுத்துடுங்க. நான் அதுல அண்டா அடுக்கிக்கிறேன்."

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சாவும் வேண்டாம், படியும் போகக் கூடாது. அவர் பாடு திண்டாட்டம்.

"கிண்டல் பண்ணாதீங்க பாய். ஆறு மாசம் கடைய மூடுனா நான் தெருவுலதான் நிக்கணும்."

"தெருவுல நின்னவருதான் இப்ப ஜி.எச்.சுல தனியா கெடக்குறாரு. அவரப் பத்தி ஒரு வார்த்த பேசுனியா நீ? ஆளு போய்ச் சேந்ததுலேந்து கடை, படி, சாவி. இதே பேச்சு."

எனக்கு அப்போதுதான் பிள்ளையார் ஞாபகம் வந்தார்.

"மொதலாளி, ஜோசியர ஒரு வார்த்த கேட்டுடுவோம். பாய், நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு மேஸ்திரி ஜோசியர் வீட்டுக்கு?"

"சாட்சிக்குங்க. செத்தவரு எங்க படுப்பாரு, எங்க எந்திரிப்பாருன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

4. ஜோசியர் தீர்ப்பு

ஜோசியர் வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "சதயந்தான். சந்தேகமே இல்ல" என்றார். கூடவே வந்திருந்த முதலாளியின் மனைவி சாவிக்கொத்தை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஜோசியர். "வழியில போறவன் விழுந்து செத்தா அந்த வாசலுக்கு அடைப்புக் கெடையாது. அவன் குடியிருந்த வீட்டுக்குத்தான். இந்த மனுஷன் குடியிருந்த வீடு எது?"

"வீடு ஏதுங்க அவருக்கு?" என்றார் ஜமால் பாய். "வெயிலானாலும் மழையானாலும் அந்தக் குடைக்குக் கீழதான். சாப்பாடு, தூக்கம், தொழிலு எல்லாம் அங்கதான். குடைதான் வீடு."

அவர் சும்மா வருத்தத்தில் சொன்னார். ஜோசியர் மெல்லுவதை நிறுத்தினார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அப்ப அதான் வீடு. அதுக்குத்தான் அடைப்பு. குடைய மடக்கிக் கயித்தால கட்டி ஆறு மாசம் வையுங்க. சாயங்காலம் ஒரு வெளக்கு. கடைக்கு ஒண்ணும் இல்ல."

முதலாளி எழுந்து ஜோசியர் காலில் விழப் போய்விட்டார். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் குடையை மடக்கிவிட்டுத் தள்ளுபடிக்குப் போயிருப்பார். குடைக்காரர் பாட்டோடு போயிருப்பார். அதனால் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"சாமி, ஒரு சந்தேகம். செத்தவரு வீட்டப் பூட்டுற உரிம யாருக்கு?"

ஜோசியர் என்னைப் பார்த்தார். நான் ஜோசியரைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டார் என்றுதான் இன்று வரை நினைக்கிறேன்.

"இதென்ன கேள்வி? காரியம் பண்ணவனுக்குத்தான். கண்டவன் பூட்டுனா அது திருட்டு."

முதலாளி நின்றபடியே நின்றார். "நான் பண்ணணுமா சாமி?"

"வேற யாராவது பண்ணட்டும். குடையும் அவங்க வீட்டுல இருக்கட்டும். மறந்து போயி நடுவுல விரிச்சாங்கன்னா மட்டும் உனக்குத்தான் கஷ்டம். படி உன்னோடதுன்னு ஊருக்கே தெரியும்."

"நானே பண்றேன்" என்றார் முதலாளி.

"மொட்ட அடிக்கணும்."

"சாமி, வெள்ளிக்கிழம தள்ளுபடி! மொட்டத் தலையோட கல்லாவுல உக்காந்தா சனம் என்ன சாவோன்னு பயந்து ஓடிடுமே!"

பேரம் நடந்தது. மொட்டையிலிருந்து கிராப்பு வெட்டுக்கு வந்து, கடைசியில் மீசையில் நின்றது.

5. அடக்கம்

ஜி.எச். வாசலுக்கு ஜவுளிக்கடை வேன் வந்தது. ஜமால் பாய்தான் முதலில் அதன் கூரையில் இருந்த தள்ளுபடி விளம்பர மைக்கைப் பார்த்தார். "மேஸ்திரி, முதல்ல மைக்கக் கழட்டுங்க!" என்றார். என் முதல் நாள் கதை அவருக்கும் தெரியும். கழற்றினோம். பக்கவாட்டில் ஆடித் தள்ளுபடி பேனர் இருந்தது. அதைக் கழற்ற நேரமில்லை. திருப்பிக் கட்டினேன். வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தது, பார்க்க நன்றாகவே இருந்தது.

முதலாளி கடையிலிருந்து புது வேட்டி எடுத்து வந்திருந்தார். தள்ளுபடிச் சரக்கா என்று பாய் கேட்டார். "ரோஷத்தக் கெளப்பாதீங்க பாய், முழு வெலை" என்றார்.

கடைத்தெரு முனையில் வேனை நிறுத்திப் பாடையில் வைத்தோம். முன்னால் இடது பக்கம் முதலாளி, வலது பக்கம் ஜமால் பாய். பின்னால் நானும் ஜவுளிக்கடை டெய்லரும். முதலாளி தோள் கொடுத்ததைப் பார்த்ததும் மற்ற கடைக்காரர்களுக்கு உள்ளே இருக்க முடியவில்லை. ஒவ்வொருவராக இறங்கினார்கள். சங்கு ஊதுகிறவரைப் பூக்கடைக்காரர் கூட்டி வந்தார். குடைக்காரரிடம் குடை தைத்துக்கொள்ளாத வீடு எங்கள் ஊரில் இல்லை. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். இந்தத் தடவை யார் கையிலும் வாளி இல்லை. கும்பிட்டார்கள்.

குழிமேட்டில் முதலாளி வாய்க்கரிசி போட்டார், குடம் உடைத்தார். பிறகு ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார். இரண்டாவது பிடியை எடுத்தவர் போடாமல் நின்றார்.

"மேஸ்திரி, இவரு பேரு என்னாங்க?"

"தெரியாதுங்க."

"எங் கடை வாசல்லயே உக்காந்திருந்தாரு. ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

ஜமால் பாய் அவர் தோளில் கை வைத்தார். "போடு வைத்தி. மூணு பிடி எங்க வழக்கமுந்தான். சேந்து போடுவோம்."

மூவரும் சேர்ந்து போட்டோம். முதலாளி அழுதுவிட்டார். அது பயத்தில் வந்த அழுகை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

6. அடைப்புக் காலம்

திரும்பி வந்து முதலாளியே குடையை மடக்கி, கயிற்றால் கட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினார். சாவி திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை தள்ளுபடி ஆரம்பித்தது. மீசை இல்லாமல் உட்கார்ந்திருந்தவரைச் சரக்கு எடுக்க வந்தவர்கள் யாரோ புதுக் கணக்குப்பிள்ளை என்று நினைத்து, "மொதலாளி எங்கய்யா?" என்று அதட்டினார்களாம்.

அவர் மனைவி தினமும் சாயங்காலம் வந்து குடைக்கு முன்னால் விளக்கு ஏற்றினார். விளக்கைப் பார்த்த சனம் சும்மா இருக்குமா? முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் குங்குமம் வைத்தார். ஐப்பசியில் ஒருவர் எலுமிச்சம்பழ மாலையே கொண்டு வந்துவிட்டார். "இது சாமி இல்லம்மா, குடை" என்று முதலாளி சொன்னால், "அப்படித்தாங்க சோதிக்கும்" என்று போட்டுவிட்டுப் போனார். அந்த ஐப்பசி மழையில் முதலாளி நனைந்துகொண்டேதான் கடைக்கு வந்தார். வீட்டில் வேறு குடை இருந்தது. விரிக்கப் பயம்.

தை மாதம் கெடு முடிந்தது. ஜோசியர், பாய், நான் மூவரும் போனோம். முதலாளி கயிற்றை அவிழ்த்துக் குடையை விரித்தார். ஆறு மாதத்துக் குங்குமம் அத்தனையும் அவர் வெள்ளைச் சட்டை மேல் கொட்டியது. அப்படியே வாசலுக்குப் போய்ப் பழைய குழாயில் செருகினார். இப்போது அதன் கீழ் ஒரு அம்மா பூ கட்டி விற்கிறார். அவரை உட்கார வைத்த அன்றே முதலாளி கேட்ட முதல் கேள்வி, "உங்க பேரு என்னம்மா? ஊரு எது?" என்பதுதான். பக்கத்தில் நின்ற பாய், "எந்த நட்சத்திரம்னும் கேட்டு வெச்சுக்க வைத்தி" என்றார்.

நான் ஓய்வு பெறும்வரை, அதன் பிறகும், யாருமில்லாத உடல் வந்தால் வேட்டியோ புடவையோ அந்தக் கடையிலிருந்து வரும். வேனும் வரும். மைக்கை அவர்களே கழற்றிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு யாரும் பாட்டோடு போகவில்லை.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். செத்தவருக்கு யாருமில்லை என்று ஜி.எச்.சில் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அவர் எந்த வாசலில் உட்கார்ந்தார், யார் டீ கொடுத்தார்கள், யார் விரட்டினார்கள் என்று போய் விசாரியுங்கள். விரட்டியவர்கூடச் சொந்தம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கதை இப்போதே எங்கள் ஊரில் மாறிவிட்டது. குடைக்காரர் முதலாளியின் கனவில் சிவபெருமானாக வந்து, "எனக்குத் தோள் கொடு" என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். முதலாளியும் மறுப்பதில்லை. நானும் தினம் சிவனைக் கும்பிடுகிறவன்தான், ஆனால் கனவு எதுவும் வரவில்லை. வந்தது கடையைப் பூட்டிவிடுவார்களோ என்ற பயம். பயந்து செய்தாலும் அது புண்ணியம்தான், சாமி அதில் குறைத்துக்கொள்ள மாட்டார். ஆகவே யாருக்குச் சொன்னாலும் நான் எழுதியபடியே சொல்லுங்கள். குப்பை வண்டிப் பாட்டையும் விடாதீர்கள், மீசையையும் விடாதீர்கள். கனவை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்துவிட்டால் அடுத்த முதலாளி தனக்கும் கனவு வரட்டும் என்று படுத்துத் தூங்கிவிடுவார். ஜி.எச்.சில் இருப்பவரால் அதுவரை காத்திருக்க முடியாது.